தூக்கி எறிந்து உயிர் காக்கும் இருக்கை



2025 ஆகஸ்டு 21, வியாழக்கிழமை இரவு ஒன்பது மணியளவில், நமது பாகாங் மாநிலத்தின் குவாந்தான் நகரில் ஒரு விபத்து நிகழ்ந்தது. அரச மலேசிய ஆகாயப் படையின் எஃப்/ஏ-18டி ஹோர்னெட் போர் விமானமொன்று, சுல்தான் ஹாஜி அகமட் ஷா விமான நிலையத்திலிருந்து புறப்படும் வேளையில் தீப்பற்றி விழுந்து நொறுங்கியது. அதன் காணொளியைப் பலரும் கண்டிருப்பீர்கள். இருளில் ஒரு தீப்பிழம்பு எழுந்தது. பார்த்தவர்கள் அதில் எவரும் பிழைத்திருக்க முடியாது என்றே எண்ணியிருப்பார்கள். ஆயினும் விமானியும் அவருடன் சென்ற ஆயுத அமைப்பு அதிகாரியும் உயிர் பிழைத்தனர். இருவரையும் அவர்கள் அமர்ந்திருந்த இருக்கைகளே விமானத்திலிருந்து வெளியே தூக்கி எறிந்து காத்தன.

மறுநாள் காலை, திரிங்காப்பின் குளிர் இன்னும் விலகாத நேரத்தில், ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இதைப் பற்றியே பேச்சு. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “ஐயா, விமானத்த விட்டுட்டுத் தப்பிச்சுப் போறது கோழைத்தனம்தானே? எங்கப்பா அப்படிச் செய்யல.”

அவன் தந்தை காய்கறி லாரி ஓட்டுபவர். சில ஆண்டுகளுக்கு முன் மலைச்சாலையின் இறக்கத்தில் லாரியின் பிரேக் பிடிக்காமற்போனது. அவர் குதித்து ஓடவில்லை. சுழல்வட்டை இறுகப் பற்றி, லாரியை மலைச்சுவர்ப் பக்கமாகத் திருப்பி மோத விட்டு நிறுத்தினார். அக்கதையை அவன் வீட்டில் பலமுறை கேட்டிருப்பான் போலும். அவனுடைய கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. “திங்கட்கிழமை சொல்கிறேன்” என்று கூறிவிட்டேன். அவ்விடையைத் தேடிப் படித்தவற்றையே ஈண்டு உங்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

எதற்காக இப்படி ஓர் இருக்கை?

தொடக்கக் கால விமானங்கள் மெதுவாகப் பறந்தன. ஆபத்து நேர்ந்தால் விமானி வார்ப்பட்டையை அவிழ்த்து, எழுந்து, பக்கவாட்டில் குதித்து, வான்குடையை விரித்து இறங்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களின் வேகம் மணிக்கு 600 கிலோமீட்டரை எட்டியது. அவ்வேகத்தில் இருக்கையை விட்டு எழுவதே அரிதாயிற்று. எழுந்து குதித்தவர்களுள் பலர் விமானத்தின் வால் பகுதியில் மோதி மாண்டனர்.

இதை மாணவர்களுக்கு எளிதாக விளக்கலாம். ரிங்லெட்டுக்குக் காரில் இறங்கும்போது சன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் காற்று கையைப் பின்னே தள்ளும். (நீட்டிப் பார்க்கச் சொல்லாதீர்கள், எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்!) அப்போது காரின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று கொள்வோம். விமானம் 600 கிலோமீட்டரில் பறக்கிறது. வேகம் பத்து மடங்குதான். ஆனால் காற்றின் விசை வேகத்தின் இருமடி அளவில் கூடுகிறது. ஆகவே விசை நூறு மடங்காகிறது. நூறு மடங்கு காற்றை எதிர்த்து மனிதன் எழுந்து நிற்க இயலுமா? எனவே, மனிதன் எழுந்து குதிப்பதற்குப் பதிலாக, அவன் அமர்ந்திருக்கும் இருக்கையையே வெடிமருந்தின் துணையால் வெளியே செலுத்தலாம் என்ற எண்ணம் பிறந்தது.

இவ்வகையில் முதலில் வெற்றி கண்டவர்கள் செருமானியர். 1942 சனவரி 13-ஆம் நாள், ஹெல்முட் ஷெங்க் என்னும் சோதனை விமானி, ஹெய்ங்கல் ஹெச்.இ.280 விமானத்தில் பனி உறைந்து ஆபத்து நேர்ந்தபோது, அழுத்தக் காற்றால் இயங்கிய இருக்கையின் உதவியால் வெளியேறி உயிர் தப்பினார். ஆபத்து நேரத்தில் இவ்வாறு உயிர் பிழைத்த முதல் மனிதர் அவரே. சுவீடன் நாட்டின் சாப் நிறுவனமும் அக்காலத்தில் இத்தகைய இருக்கையைத் தனியே உருவாக்கியது.

ஒரு நண்பரின் மரணம்

அதே 1942-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வேறொரு நிகழ்வு நடந்தது. அயர்லாந்தில் பிறந்த பொறியியலாளர் ஜேம்ஸ் மார்ட்டினும் அவருடைய நண்பர் கேப்டன் வேலன்டைன் பேக்கரும் இணைந்து 1934-இல் மார்ட்டின்-பேக்கர் என்ற விமான நிறுவனத்தைத் தொடங்கியிருந்தனர். மார்ட்டின் விமானங்களை வடிவமைப்பார், பேக்கர் அவற்றை ஓட்டிச் சோதிப்பார். 1942 செப்டம்பர் 12-ஆம் நாள், எம்.பி.3 என்ற புதிய விமானத்தைப் பேக்கர் ஓட்டிச் சென்றார். தரையைவிட்டு எழும்பிய சற்று நேரத்திலேயே இயந்திரம் நின்றுபோனது. வயல்வெளியில் இறக்க முயன்றபோது விமானம் நொறுங்கி அவர் உயிரிழந்தார்.

நண்பரின் இழப்பு மார்ட்டினை வெகுவாகப் பாதித்தது. விமானிகளின் உயிரைக் காப்பதே அதன்பின் அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. 1944-இல் பிரிட்டிஷ் அரசாங்கமும் வேகமான விமானங்களிலிருந்து விமானிகள் தப்பிக்க ஒரு வழி காணுமாறு அவரைக் கேட்டுக்கொண்டது. இன்று அந்நிறுவனம் விமானங்களைச் செய்வதில்லை, இருக்கைகளையே செய்கிறது. குவாந்தானில் விழுந்த ஹோர்னெட் வகை விமானத்தில் பொருத்தப்படுவதும் அதன் இருக்கையே. பேக்கர் மாண்டதும் புறப்பட்ட சில கணங்களில்தான், குவாந்தானில் இருவர் பிழைத்ததும் புறப்படும் வேளையில்தான். இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே 83 ஆண்டு கால உழைப்பு இருக்கிறது.

முதுகெலும்பு கற்பித்த பாடம்

இருக்கையை மேலே எறிவது கடினமன்று. தீபாவளி வாணத்தை எறிவது போல் வெடிமருந்தால் எறிந்துவிடலாம். அதில் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பு முறியாமல் எறிவதே கடினம்.

மார்ட்டின் முதலில் மணல் மூட்டைகளை வைத்துச் சோதித்தார். பிறகு மனிதர் தேவைப்பட்டனர். அவருடைய தொழிற்சாலையில் பொருத்துநராகப் பணியாற்றிய பெர்னார்ட் லிஞ்ச் என்பவர் தாமாகவே முன்வந்தார். 1945 சனவரி 24-ஆம் நாள், தரையில் நிறுத்தப்பட்ட சாய்வுத் தண்டவாளம் ஒன்றில் லிஞ்ச் அமர்ந்த இருக்கை ஐந்து அடிக்கும் குறைவான உயரத்திற்கு ஏவப்பட்டது. பின்னர் உயரம் படிப்படியாகக் கூட்டப்பட்டது. அச்சோதனைகளின்போது தன்னார்வலர் ஒருவருக்கு முதுகெலும்பில் காயம் ஏற்பட்டது.

மார்ட்டின் சோதனையை நிறுத்தி, மனித முதுகெலும்பைப் பற்றிப் படிக்கலானார். உடல் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பது மட்டும் போதாது, அவ்விசை எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதும் முக்கியம் என்று கண்டறிந்தார். பேருந்தை மெல்ல நிறுத்தினால் நாம் தாங்குகிறோம், திடீரென நிறுத்தினால் விழுகிறோம் அல்லவா? அதுபோலவே இதுவும். ஆகவே ஒரே வெடிமருந்துக் குப்பிக்குப் பதிலாக, ஒன்றன்பின் ஒன்றாக எரியும் குப்பிகளை அமைத்து உந்துதலைச் சீராக்கினார். விமானி தலைக்கு மேலுள்ள பிடியை இரு கைகளாலும் இழுக்கும்படி செய்தார். அப்போது முகத்தை மூடும் ஒரு திரை இறங்கிக் காற்றிலிருந்து முகத்தைக் காத்தது. அதைவிட முக்கியமாக, கைகளை உயர்த்தி இழுக்கையில் முதுகு தானாகவே நிமிர்ந்தது. வளைந்த முதுகே எளிதில் முறியும்.

1946 சூலை 24-ஆம் நாள், மணிக்கு ஏறத்தாழ 515 கிலோமீட்டர் வேகத்தில் பறந்த மீட்டியார் விமானத்திலிருந்து லிஞ்ச் வெளியேறி வெற்றிகரமாகத் தரையிறங்கினார். அவர் பெரிய பட்டம் பெற்றவரல்லர், ஒரு தொழிலாளி. வரலாற்று நூல்களில் பொறியியலாளரின் பெயர் பெரிதாக வரும். தம் முதுகெலும்பைப் பணயம் வைத்த தொழிலாளியின் பெயரையும் நாம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

1949 மே 30-ஆம் நாள், ஜோ லங்காஸ்டர் என்னும் சோதனை விமானி, கட்டுக்கடங்காமல் குலுங்கிய விமானமொன்றிலிருந்து இவ்விருக்கையால் தப்பினார். இந்நிறுவனத்தின் இருக்கையால் ஆபத்து வேளையில் உயிர் பிழைத்த முதல்வர் அவர். முப்பது வயதில் மாண்டிருக்க வேண்டியவர், நூறு வயது வரை வாழ்ந்து 2019-இல் மறைந்தார். இன்றுவரை 7,700-க்கும் மேற்பட்ட உயிர்களைத் தன் இருக்கைகள் காத்துள்ளதாக அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

தரையிலிருந்தே தப்பும் வழி

முதற்கால இருக்கைகளில் ஒரு பெருங்குறை இருந்தது. விமானி வெளியே வந்த பிறகு, இருக்கையிலிருந்து தாமே விடுவித்துக்கொண்டு, வான்குடையையும் தாமே விரிக்க வேண்டியிருந்தது. மயக்கமுற்றவரால் இது இயலாது. தாழ்வான உயரத்தில் இதற்குக் காலமும் இராது. 1950-களில் இவையனைத்தும் தாமாகவே நிகழும்படி இருக்கைகள் திருத்தப்பட்டன. 1955 செப்டம்பர் 3-ஆம் நாள், ஜே. எஸ். ஃபிபீல்ட் என்னும் விமானப்படை அதிகாரி, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்த விமானத்திலிருந்தே வெளியேறிக் காட்டினார். ஆயினும் விமானம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது.

வான்குடை விரியக் காற்றும் வேண்டும், உயரமும் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? வெடிமருந்தைக் கூட்டினால் முதுகெலும்பு தாங்காது. இங்கே ராக்கெட் துணைக்கு வந்தது. வெடிமருந்து ஒரே அடியாகத் தள்ளும். ராக்கெட்டோ தொடர்ந்து தள்ளும். இருக்கை விமானத்தைவிட்டு விலகும் தறுவாயில் அதன் அடியிலுள்ள ராக்கெட் பற்றி எரிந்து, பல மாடிக் கட்டடத்தின் உயரத்திற்கு அதைக் கொண்டு செல்லும். 1961-இல் மனிதரை வைத்து இது சோதிக்கப்பட்டது. உயரமும் சுழியம், வேகமும் சுழியம் என்ற நிலையிலும் உயிர் காக்கும் இருக்கை இவ்வாறு பிறந்தது.

சோவியத் நாட்டில் சுவெஸ்தா நிறுவனம் கே-36 என்ற சிறந்த இருக்கையை உருவாக்கியது. 1989 சூன் 8-ஆம் நாள், பாரிஸ் விமானக் கண்காட்சியில் மிக்-29 விமானத்தின் இயந்திரத்திற்குள் பறவை புகுந்தது. ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்தில் விமானம் தலைகுப்புறச் சாய, விமானி அனத்தோலி குவோச்சூர் கடைசிக் கணத்தில் வெளியேறினார். உலகமே பார்த்திருக்க, சிறு காயங்களுடன் எழுந்து நடந்தார். அதே மிக்-29 வகை விமானங்கள் 1995 முதல் 2017 வரை நமது குவாந்தான் தளத்தில் சேவையாற்றியவை என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்று நொடிகளுக்குள் நடப்பவை

விமானி பிடியை இழுக்கிறார். இக்கால இருக்கைகள் பலவற்றில் அப்பிடி இரு தொடைகளுக்கு இடையே உள்ளது. அதன்பின் அவர் செய்ய வேண்டியது எதுவுமில்லை.

முதலில் தோள்பட்டை வார்கள் அவரைப் பின்னே இழுத்து இருக்கையோடு இறுக்குகின்றன. தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூரை கழன்று பறக்கிறது. சில விமானங்களில் அதன்மேல் ஒட்டப்பட்ட வெடிக்கயிறு அதனை நொறுக்குகிறது. அடுத்து வெடிமருந்து இருக்கையைத் தண்டவாளத்தில் மேலே உந்துகிறது. கால்கள் காற்றில் சிதறாதபடி கட்டுகள் அவற்றை இருக்கையோடு இழுத்துப் பிடிக்கின்றன. ராக்கெட் எரிகிறது. சிறிய வான்குடை ஒன்று விரிந்து இருக்கை சுழலாமல் நிலைப்படுத்துகிறது. பின்னர் பெரிய வான்குடை விரிய, இருக்கை தனியே கழன்று விழுகிறது. உயரம் மிக அதிகமாயின், சுவாசிக்கத்தக்க காற்றுள்ள உயரத்திற்கு இறங்கும்வரை பெரிய வான்குடை விரியாது. அதுவரை இருக்கையிலுள்ள உயிர்வளியே துணை.

இருவர் அமரும் விமானத்தில், பெரும்பாலும் பின்னிருப்பவர் முதலிலும் முன்னிருப்பவர் அடுத்தும் வெளியேறுகின்றனர். முன்னவர் முந்தினால் அவருடைய ராக்கெட்டின் தீ பின்னவரைச் சுட்டுவிடும். இரண்டுக்குமிடையே ஒரு நொடிகூட ஆவதில்லை.

தாழ்வான உயரத்தில் இவை யாவும் ஏறத்தாழ மூன்று நொடிக்குள் முடிகின்றன. வகுப்பில் மூன்று முறை கைதட்டிக் காட்டுங்கள், மாணவர்களுக்குப் புரியும்.

இதற்கு உடல் கொடுக்கும் விலையும் உண்டு. வெளியேறும் கணத்தில் புவியீர்ப்பைப் போல் 12 முதல் 20 மடங்கு வரை விசை உடலை அழுத்தக்கூடும். 70 கிலோ எடையுள்ளவர் 12 மடங்கில் 840 கிலோ எடையுள்ளவர் போல் ஆகிறார். ஆகவேதான் பிழைத்தவர்களுள் பலருக்கு முதுகெலும்பில் முறிவு ஏற்படுகிறது. சிலர் மீண்டும் போர் விமானம் ஓட்ட இயலாமற்போகிறது.

தமிழர் அறிந்த ஒரு விமானி

2019 பிப்ரவரி 27-ஆம் நாள், இந்திய விமானப்படையின் விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் ஓட்டிச் சென்ற மிக்-21 பைசன் விமானம் வான்சண்டையில் வீழ்த்தப்பட்டது. அவர் இருக்கையால் வெளியேறி, பாகிஸ்தான் கட்டுப்பாட்டிலிருந்த காஷ்மீர்ப் பகுதியில் இறங்கிச் சிறைப்பட்டார். மார்ச் 1-ஆம் நாள் வாகா எல்லை வழியே நாடு திரும்பினார். உலகத் தமிழர் வீடுகளில் எல்லாம் அப்போது அவரைப் பற்றியே பேச்சு. அவருடைய குடும்பம் காஞ்சிபுரம் அருகிலுள்ள திருப்பணமூரைச் சேர்ந்தது. தந்தை சிம்மக்குட்டி வர்த்தமானும் விமானப்படையில் ஏர் மார்ஷலாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்.

ஊடகங்கள் அவருடைய மீசையைப் பற்றி மிகுதியாகப் பேசின, முதுகைப் பற்றிக் குறைவாகவே பேசின. அவர் மருத்துவச் சோதனைகளுக்கும் ஓய்வுக்கும் பிறகு, ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழித்தே மீண்டும் பறந்தார். 2019 செப்டம்பர் 2-ஆம் நாள் அன்றைய விமானப்படைத் தளபதி பி. எஸ். தனோவா அவருடன் ஒரே விமானத்தில் பறந்தார். தனோவாவும் 1988-இல் இவ்வாறு விமானத்திலிருந்து வெளியேறியவர். மீண்டும் பறக்க அவருக்கு ஒன்பது மாதங்கள் ஆயினவாம். விமானத்தை இழந்த இருவருள் ஒருவர் படைத்தளபதியாக உயர்ந்தார், மற்றவர் வீர் சக்ரா விருது பெற்றார். இவர்களை எவரேனும் கோழைகள் என்பரோ?

கருவி காக்க இயலாத இடம்

எனினும் இவ்விருக்கை எல்லாரையும் காத்துவிடும் என்று மாணவர்களிடம் கூறலாகாது. 2021 நவம்பர் 16-ஆம் நாள் இரவு, நமது ஆகாயப் படையின் ஹாக் 108 விமானம் பட்டர்வொர்த் தளத்தில் விழுந்தபோது, இரு விமானிகளுள் ஒருவர் உயிரிழந்தார், மற்றவர் காயத்துடன் பிழைத்தார். விமானம் கவிழ்ந்த நிலையில் இருந்தாலோ, தரையை நோக்கி விரைந்து இறங்கினாலோ, இருக்கைக்குப் போதிய உயரம் கிட்டாது.

உயிரிழப்புகளை ஆராய்ந்தவர்கள் மற்றொன்றையும் கண்டனர். இருக்கை பழுதாவதைவிட, பிடியை இழுக்கும் முடிவு தாமதமாவதே பலருடைய உயிரைப் பறித்துள்ளது. இன்னும் ஒரு நொடி முயன்றால் விமானத்தைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில் அந்த ஒரு நொடி கடந்துவிடுகிறது. ஆகவேதான் எந்த உயரத்திற்குக் கீழே, எந்த நிலையில் வெளியேற வேண்டும் என்பதை விமானிகள் தரையில் இருக்கும்போதே முடிவு செய்து மனத்தில் பதித்துக்கொள்கின்றனர். ஆபத்து வரும்போது புதிதாக யோசிப்பதில்லை, முன்பே எடுத்த முடிவை நிறைவேற்றுகின்றனர். வள்ளுவர் காலமறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

மாணவனுக்குச் சொன்ன விடை

திங்கட்கிழமை அம்மாணவனை அழைத்தேன். பேக்கரைப் பற்றியும் லிஞ்சைப் பற்றியும் கூறினேன். பிறகு கேட்டேன்: “உன் அப்பா லாரியை மலைச்சுவரில் மோதினாரே, லாரி என்ன ஆயிற்று?”

“நொறுங்கிப்போச்சு ஐயா.”

“அப்படியானால் அவர் லாரியைக் காப்பாற்றவில்லையே?”

அவன் சற்று நேரம் யோசித்தான். “கீழே கடை வரிசையில ஆளுங்க இருந்தாங்க ஐயா. அதுக்குத்தான் திருப்பினாரு.”

“ஆம். லாரி போனாலும் பரவாயில்லை, உயிர்கள் பிழைக்கட்டும் என்று உன் அப்பா முடிவெடுத்தார். விமானியும் அதையேதான் செய்தார். உன் அப்பா உள்ளே இருந்ததால்தான் உயிர்கள் பிழைத்தன. விமானியோ உள்ளே இருந்திருந்தால் ஓர் உயிரும் பிழைத்திராது.”

அவன் தலையசைத்தான். முழுவதும் ஏற்றுக்கொண்டானா என்பதை அறியேன். ஆனால் அன்று மாலை அவன் தந்தை பள்ளி வாயிலில் என்னைக் கண்டு, “அந்த லாரியப் பத்தி அவன்கிட்ட என்ன சொன்னீங்க சார்? எனக்குப் பயமா இருந்துச்சான்னு கேக்குறான்” என்றார். இத்தனை ஆண்டுகளாக வீரக்கதையாகவே கேட்டவன், அன்றுதான் தன் தந்தையின் அச்சத்தைக் கேட்டிருக்கிறான். “என்ன சொன்னீர்கள்?” என்று வினவினேன். “ரொம்பப் பயந்தேன்னு சொன்னேன்” என்றார் அவர்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! நம் பிள்ளைகளுக்கு விடாமுயற்சியை நாள்தோறும் போதிக்கிறோம். எதை விடலாம், எதை விடக்கூடாது, எப்போது விட வேண்டும் என்பதையும் சேர்த்துப் போதிப்போமாக. பொருளை இழந்து உயிருடன் திரும்பும் பிள்ளையை, “பொருள் எங்கே?” என்று கேளாமல் “நீ நலமா?” என்று கேட்கும் வீடாக நம் வீடு இருக்கட்டும்.